கதவைப் பிடித்திருந்த நான்கு நிமிடம்

நான்காவது சீசனின் ஆறாம் பகுதி ஒளிபரப்பான மறுநாள் சேனலில் கூட்டம் போட்டார்கள். நல்ல செய்தி சொல்வதற்காகக் கூட்டம் போடுகிற வழக்கம் அந்தச் சேனலுக்கு இல்லை. ஆகவே எல்லோரும் முகத்தைத் தயார் செய்துகொண்டேதான் உள்ளே போனார்கள்.

'மிச்சமிருப்பவர்கள்' என்பது தொடரின் பெயர். ஜாம்பிக் கதை. ஊர் முழுக்கச் செத்துப்போய் எழுந்து நடக்க, தப்பித்த பதினோரு பேர் ஒரு பழைய பல்பொருள் கிடங்கில் ஒளிந்து வாழ்கிறார்கள். அதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர், கூடப் பிறந்தவர்கள். மூத்தவளை அலுவலகமே அக்கா என்று கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது பெரிய இயக்குநருக்கும் அவள் அக்காதான். இளையவன் எல்லோருக்கும் தம்பி. பிணங்கள் வருகிற காட்சிகளைத் தம்பி எழுதுவான். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுகிற காட்சிகள் அக்காவுடையவை. உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதல்ல. முதல் சீசனில் அவனுக்குப் பிடித்ததை அவன் எடுத்துக்கொண்டான், மிச்சம் இவளிடம் வந்தது.

சேனல் பொறுப்பாளர் நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிற பெண்மணி. பெரிய திரையில் பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கோட்டை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது பத்தொன்பதாவது நிமிஷம். நர்ஸும் அவ தம்பி வெல்டரும் உக்காந்து பேசறாங்க. கோடு விழுறதப் பாருங்க. பேச ஆரம்பிச்சதும் ஜனங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. இருபத்திநாலாவது நிமிஷம் பிணம் வருது, திரும்ப வந்து உக்காந்துக்கறாங்க."

"தண்ணி குடிக்கப் போயிருப்பாங்க" என்றார் இயக்குநர்.

"லட்சம் பேருக்கும் ஒரே நேரத்துல தாகமா?"

பொறுப்பாளர் தீர்ப்பைச் சொன்னார். ஒன்பதாம் பகுதியிலிருந்து எந்தப் பேச்சுக் காட்சியும் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிணம் வந்தே ஆகவேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேக்கப்காரர் கையைத் தூக்கினார். "ஒரு மூஞ்சிக்கு மூணு மணி நேரம் ஆகுது மேடம். ஒரு நாளைக்கு எட்டுப் பிணத்துக்கு மேல என்னால முடியாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா, வந்த மூஞ்சியேதான் திரும்பத் திரும்ப வரும்."

"முதுகக் காட்டி நடக்க விடுங்க" என்றார் பொறுப்பாளர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். பிணம் எழுதுகிறவனே 'பேச்சும் வேண்டும்' என்று சொன்னால் அதற்கு எடை அதிகம். அவனோ பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். கூட்டம் முடிகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை.

எழுத்தறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"வாய்ல என்ன பூட்டா போட்டிருந்தாங்க உனக்கு?"

"நான் என்னக்கா சொல்றது? அவங்க சொன்னதுல தப்பில்லையே."

அந்த அறையின் நீளச் சுவர் முழுக்க அட்டைகள் குத்தியிருந்தன. பிணம் வரும் காட்சிக்குச் சிவப்பு, பேச்சுக் காட்சிக்கு நீலம். தம்பி எழுந்து போய் ஒரு நீல அட்டையைத் தட்டினான்.

"நீ நல்லாத்தான் எழுதற. இல்லேன்னு சொல்லல. ஆனா நீ எழுதற சண்டைய எந்த வீட்டுலயும் போடலாம். பிணம் இல்லாத ஊருலயும் போடலாம். இவங்க உக்காந்து கண்ணக் கசக்கற வரைக்கும் என் பிணமெல்லாம் வெளிய கை கட்டிக்கிட்டு மரியாதையா நிக்குது. பேசி முடிச்சாச்சா, உள்ள வரலாமான்னு கேக்காத குறை."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அது உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"உன் பிணம் மட்டும் என்னவாம்? நாலு சீசன்ல எத்தனை கொன்னிருப்ப? ஆயிரம்? ஒண்ணுக்காவது பேர் உண்டா? வருது, கடிக்குது, மண்டைல அடி வாங்கி விழுது. அது யாரு பெத்த பிள்ளை, யாரு வீட்டு மனுஷன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?"

"பிணத்துக்கு எதுக்குக்கா வீடு?"

"சரி. ஒன்பதாம் பகுதியில பிணத்த நான் எழுதறேன்" என்றாள். கோபத்தில் சொல்லிவிட்டாளே தவிர, எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தம்பி தோளைக் குலுக்கிவிட்டு மடிக்கணினியை மூடினான். கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியே இருக்கார்."

அவர்களுடைய அப்பா நில அளவையாளராக இருந்தவர். முப்பது வருடம் சங்கிலியும் நாடாவும் பிடித்து நடந்த கால்கள். கடைக்குப் போனாலும் அளந்து வைத்தாற்போல் ஒரே நீளத்தில்தான் எட்டு வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன் மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் பிள்ளைகளைத் தெரியவில்லை. இப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அக்கா ஞாயிறுதோறும் போகிறாள். தம்பி வேண்டியதையெல்லாம் வாங்கி அனுப்புவான், வாரம் தவறாமல் விசாரிப்பான், ஆனால் ஒரு நாளும் வந்ததில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்ற பயம்.

மறுநாள் காலை அக்கா மேக்கப் கொட்டகைக்குப் போனாள். நான்கு வருடத்தில் அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தகரக் கூரை, வரிசையாக எட்டு நாற்காலி, பசை வாடை. பாதி செத்தவர்கள் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கன்னம் அழுகித் தொங்க, இன்னொரு கன்னத்தில் சவரம் செய்த பச்சை தெரிய, ஒருவர் உறிஞ்சு குழாயில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் அவர் பேருந்து ஓட்டுநர். விடுப்பு நாட்களில் வந்து பிணமாக நடிக்கிறவர்.

அக்காவைக் கண்டதும் குழாயை எடுத்துவிட்டுக் கேட்டார். "நீங்கதானே கதை எழுதறவங்க? ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. நான் யாருங்க?"

"புரியல."

"சாகறதுக்கு முன்னாடி நான் யாரா இருந்தேன்? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நடன்னா நடக்கறேன், விழுன்னா விழறேன். நானா ஏதாவது நினைச்சுக்குவேன். போன தடவை தையல்காரனா நினைச்சுக்கிட்டேன். அதனால இந்தக் கை மட்டும் இப்படி இப்படிப் போச்சு." இல்லாத துணியை இல்லாத ஊசிக்கு அடியில் தள்ளிக் காட்டினார். "கேமரால வரல போலிருக்கு. பரவால்ல. ஏதாவது ஒரு ஆளா இல்லாம சும்மா நடக்க முடியல பாருங்க."

"எப்படி நடிக்கறீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்."

எழுந்து நின்றார். தலை குனிந்து நிமிர்ந்தார். அவ்வளவுதான். இரைச்சல் இல்லை, பல்லைக் காட்டவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த மனிதர் அந்த முகத்திலிருந்து எழுந்து போய்விட்டார். கண் அவளைப் பார்த்தது. பார்த்ததே தவிர, அவளிடம் வந்து சேரவில்லை.

இந்தப் பார்வையை அவள் ஞாயிறுதோறும் பார்க்கிறாள். பழகிப்போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

"நல்லா இல்லையா?" என்று கேட்டார் ஓட்டுநர், பழையபடி மனிதராகி.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒயர் சுற்றி வைத்திருந்த பெட்டியின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாக ஒரு வேலையை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்திருக்கிறோம் என்று தோன்றிற்று. பயம் ஒரு அறையில், துக்கம் ஒரு அறையில். நிஜத்தில் இரண்டும் அப்படித் தனித்தனி அறையிலா இருக்கின்றன? அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தனக்கு வருவது துக்கமா, பயமா? அவளால் சொல்ல முடியவில்லை.

அன்றே எழுத உட்கார்ந்தாள்.

தொடரின் கதைப்படி நர்ஸுக்கும் வெல்டருக்கும் ஒரு அப்பா இருந்தார். இரண்டாவது சீசனில், ஊரைவிட்டு ஓடும்போது வெல்டர் முதலில் போய்விட்டான், அவருக்காகப் பின்தங்கிய நர்ஸும் கடைசியில் அவரை விட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எழுதுகிறவர்களும் எடுக்கவில்லை. அக்கா இப்போது அவரைக் கூட்டிவந்தாள். கிடங்கின் பின்கதவுக்கு ஒருநாள் மத்தியானம் எட்டுப் பிணங்கள் வருகின்றன. தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. நர்ஸும் வெல்டரும் முதுகைக் கொடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. ஏழு பிணங்கள் மோதிவிட்டு வேறு பக்கம் போய்விடுகின்றன. எட்டாவது மட்டும் போகவில்லை. அது அவர்களுடைய அப்பா. அவர் மோதவில்லை, கத்தவில்லை. கதவுக்கு முன்னால் அளந்து வைத்தாற்போல் நாலு எட்டு நடக்கிறார், திரும்புகிறார், நாலு எட்டு நடந்து வந்து கதவைத் தள்ளுகிறார். திரும்பத் திரும்ப அதையே செய்கிறார். உள்ளே இருப்பவர்கள் கையை எடுத்தால் கதவு திறந்துகொள்ளும். திறந்தால் அவரைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டே இத்தனை நாள் பேசாததைப் பேசுகிறார்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பியிடம் தான் சொன்னதையே எடுத்து, நர்ஸின் வசனங்களை ஒரே மூச்சில் எழுதினாள். "நீ திரும்பி வராத, அப்பாவ நான் பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன். ஆமா, சொன்னேன். அதுக்காக நிஜமாவே வராம இருந்துடுவியா? வராதன்னு சொன்னா, வான்னு அர்த்தம்டா. உனக்கு அதுகூடத் தெரியாதா?"

வெல்டரின் வசனம் வருகிற இடங்களில் பெயரை மட்டும் போட்டு வெறுமனே விட்டாள். மூன்றாம் நாள் காலை அதைத் தம்பியின் மேசைமேல் வைத்தாள்.

"இவன் பேசறத நீ எழுது."

தம்பி நின்றபடியே படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட்டங்களில் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தான். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்கே உறுத்த ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மதியம், அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தம்பி வந்து காகிதத்தை நீட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

அவன் வெல்டருக்கு எழுதியிருந்தது அதிகமில்லை.

'வந்தேன். அன்னிக்கே வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். நீ அங்க இல்ல. கண்ணாடி வழியா அப்பாவப் பாத்தேன். அவரும் என்னப் பாத்தார். பாத்துட்டு, அங்க யாருமே நிக்காத மாதிரி தலையத் திருப்பிக்கிட்டார். நான் அப்படியே திரும்பிப் போயிட்டேன். வராதன்னு நீ சொன்னத நல்ல வேளைன்னு பிடிச்சுக்கிட்டேன். எனக்குக் கோபமில்ல, வேலையுமில்ல. பயம்க்கா.'

அக்கா இரண்டு தரம் படித்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள் நினைவுக்கு வந்தது. மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வார்டு கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது.

"இது வெல்டரா, நீயா?"

"நான்தான்."

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"எப்படிச் சொல்றது? ஊருக்கே பிணம் காட்டறவன், பெத்த அப்பா மூஞ்சியப் பாக்கப் பயந்து ஓடி வந்துட்டேன்னா? சிரிக்க மாட்டாங்க?"

"யாருடா சிரிப்பாங்க?" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினான். தட்டை அவன் பக்கம் தள்ளினாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கடைசியில் அவன் சொன்னான்: "கண்ணாடி அவ்வளவு சின்னதா இருக்கக் கூடாது. முழு மூஞ்சியும் தெரியணும். அப்புறம், ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் கதவு இன்னும் ஒரு விரல்கடை திறக்கணும். இல்லேன்னா பயம் உக்காராது." அவள் குறித்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு அடுத்த வாரம் நடந்தது. அப்பா வேடம் ஓட்டுநருக்கு. அன்று அவர் கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னாள்: "நீங்க நில அளவையாளர். ரெண்டு பிள்ளைங்க உங்களுக்கு. அவங்க உள்ளதான் இருக்காங்க. ஆனா உங்களுக்கு அது தெரியாது." ஓட்டுநர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை தப்படி என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தார். நான்கு நிமிடம் பத்து வினாடி. அளந்த நடையில் அந்த உருவம் கண்ணாடிக்கு வந்து வந்து போனபோது, இரண்டாவது தரத்திலேயே தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். கதவு ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை என்று விலகியது. நர்ஸாக நடித்த பெண் ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் வெல்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அது காகிதத்தில் இல்லாதது. 'கட்' என்ற சத்தம் கேட்டதும் மேக்கப்காரர் மூக்கைச் சிந்தினார்.

தொகுத்ததைப் பார்த்த சேனல் பொறுப்பாளர் முதலில் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"நாலு நிமிஷம் பேசறாங்க. நான் ஒரு நிமிஷம்னேன்."

"பேசறத நீங்க கவனிச்சீங்களா, கதவக் கவனிச்சீங்களா?" என்று தம்பி கேட்டான். சேனல் கூட்டத்தில் அவன் அக்காவுடைய காட்சிக்காக வாய் திறந்தது அன்றுதான்.

பொறுப்பாளர் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டையும்தான்" என்றார். "ஆனா எனக்கு நேரம் வேணும். வேற எதையாவது வெட்டிடுங்க."

வெட்டினார்கள். கிணற்றடியில் இரண்டு கிழவர்கள் விடைபெறுகிற காட்சி அக்காவுக்கு உயிர். அதை அவளே தூக்கினாள். யாரும் எதையும் இழக்காமல் மூன்று நிமிடம் ஓடுகிற லாரித் துரத்தலைத் தம்பி தூக்கினான். அது அவன் பத்து நாள் உழைத்தது. ஒளிபரப்பானபோது, கதவுக் காட்சியில் யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த பகுதியில், பழையபடி எழுதிய ஒரு பேச்சுக் காட்சியில் கோடு மறுபடியும் விழுந்தது. ஒரு தரம் சரியாக வந்ததால் எல்லாத் தரமும் வந்துவிடாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. சுவரிலிருந்த அட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இல்லத்து வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் புதுச் சவரப் பெட்டி. அக்கா ஒன்றும் கேட்காமல் முன்னால் நடந்தாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பி இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். தம்பி கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"என்னத் தெரியல" என்றான்.

"தெரியாது."

"உன்ன?"

"என்னையும்தான். ஞாயித்துக்கிழமை வர்ற பொம்பளைன்னு தெரியும். அவ்வளவுதான்."

"எப்படிக்கா வந்துட்டு இருந்த? இத்தனை நாளா?"

"பயந்துகிட்டேதான்" என்றாள்.

தம்பி உள்ளே வந்தான். நாற்காலியை அப்பாவுக்கு எதிரே இழுத்துப் போட்டான். வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். சோப்பு நுரையைக் கன்னத்தில் தடவினான். முதல் கோடு இழுத்தான், துடைத்தான். இரண்டாவது கோடு இழுக்கும்போது அப்பாவின் கை சட்டென்று உயர்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியை விலக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

கிழவருக்குப் பிடி இன்னும் பலமாகத்தான் இருந்தது. எதற்காகப் பிடித்தார் என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. தம்பி கையை உருவிக்கொள்ளவில்லை. அவர் தானாக விடுகிற வரைக்கும் அப்படியே குனிந்த முதுகோடு உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம் ஆயிற்று. விட்டதும் கன்னத்தில் உலர்ந்துபோன நுரையைத் துடைத்து, புதிதாக நுரை போட்டு, மிச்சத்தையும் வழிக்க ஆரம்பித்தான்.